வாசகர் கேள்விகள்: தோற்கிற அணியும் பதினெட்டு வயசுப் பையன்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஃபூட்டி, அதாவது ஏ.எஃப்.எல். என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்துப் போட்டி. அதிலும் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்த கேள்விகள். லேடரில், அதாவது புள்ளிப் பட்டியலில், அடியில் கிடக்கிற அணிகள் ஏன் பையன்களை இறக்குவதில்லை, இறக்கினால் என்ன ஆகும், இறக்கியும் ஏன் ஒன்றும் நடக்கவில்லை. விசா, வீட்டுக் கடன் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஃபூட்டி பிடிக்காதவர்கள் பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்குக் கோபமில்லை.

கே: சார், மெல்போர்ன் வந்த நாளிலிருந்து நான் நார்த் மெல்போர்ன் ரசிகன், தலையெழுத்து. 2020 முதல் 2025 வரை ஆறு சீசனும் கடைசி மூன்று இடத்துக்குள்தான் முடித்திருக்கிறார்கள். எப்படியும் தோற்கத்தான் போகிறோம் என்றால், மூத்தவர்களை எல்லாம் உட்கார வைத்துவிட்டு அணி முழுக்கப் பையன்களாகவே இறக்கினால் என்ன? அவர்களாவது கற்றுக்கொள்வார்களே?
(ஒரு வாசகர், ஃபுட்ஸ்கிரே)

ப: உங்கள் வலி புரிகிறது. ஆனால் கேள்விக்குள் ஒரு விஷயத்தை நீங்களாகவே முடிவுகட்டி வைத்திருக்கிறீர்கள், நார்த்தில் பையன்களுக்கு வாய்ப்பே கொடுக்கவில்லை என்று. கொடுத்தார்கள். கொட்டிக் கொடுத்தார்கள். ஹாரி ஷீசலை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 டிராஃப்டில், அதாவது கிளப்புகள் வரிசை முறையில் புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சியில், 3ஆவது பிக், மூன்றாவதாக எடுக்கப்பட்டவர். சின்ன வயசிலிருந்து முன்வரிசையில் கோல் அடித்து வளர்ந்த பையனை 2023 முதல் சுற்றிலேயே வெஸ்ட் கோஸ்டுக்கு எதிராக ஹாஃப்-பேக்கில், பின்வரிசைக்குக் கொஞ்சம் முன்னால், நிறுத்தினார்கள். முதல் மேட்சிலேயே 34 முறை பந்தைக் கையாண்டார். அந்த வருஷத்தின் சிறந்த இளம் வீரருக்கான ரைசிங் ஸ்டார் விருது அவருக்குத்தான். அது போதாதென்று கிளப்பின் சிறந்த வீரருக்கான சிட் பார்க்கர் பதக்கத்தையும் முதல் வருஷத்திலேயே வாங்கிக்கொண்டு போனார்.

சரி, அந்த வருஷம் அணி என்ன செய்தது? முதல் இரண்டு மேட்ச் ஜெயித்தது. அப்புறம் வரிசையாக 20 தோல்வி. கடைசிச் சுற்றில் ஒரு வெற்றி. 23 மேட்சில் மூன்று. கிளப்பிலேயே சிறந்த ஆட்டக்காரன் ஒரு முதல் வருஷப் பையன் என்றால் பையனைப் பாராட்டலாம்தான், ஆனால் அவனுக்கு மேலே இருந்திருக்க வேண்டிய ஆட்கள் எங்கே போனார்கள் என்று கேட்க வேண்டாமா?

அங்கேதான் நார்த்தின் கதை இருக்கிறது. 2016 சீசன் முடிகிற நேரத்தில் பிரென்ட் ஹார்வி, ட்ரூ பெட்ரி, நிக் டல் சான்டோ, மைக்கேல் ஃபிரிட்டோ என்று நாலு பழம்பெரும் ஆட்களுக்கு ஒரே மூச்சில் விடை கொடுத்தார்கள். ஹார்வி 432 மேட்ச் ஆடியவர், அப்போது அதுதான் சாதனை. 2020 முடிவில் இன்னொரு துப்புரவு, இந்த முறை 11 பேரை மொத்தமாக லிஸ்டிலிருந்து எடுத்தார்கள். அது தவிர ஷான் ஹிக்கின்ஸ் ஜீலாங்குக்கு, பென் பிரவுன் மெல்போர்னுக்கு. பிரவுன் போன மறு வருஷமே மெல்போர்னோடு கோப்பை தூக்கினார் என்பதை உங்களுக்கு நினைவுபடுத்துவது கொஞ்சம் கொடூரம்தான், மன்னியுங்கள். இப்படி இரண்டு தடவை வீட்டைக் காலி பண்ணினால் 25 வயசிலிருந்து 29 வயசு வரைக்கான ஆட்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை விழும். எத்தனை நல்ல பிக் வந்தாலும் அந்த ஓட்டை அடையாது, ஏனென்றால் டிராஃப்டில் 27 வயசுக்காரன் வரமாட்டான்.

மூத்தவர் மைதானத்தில் என்ன கிழிக்கிறார் என்று நீங்கள் கேட்கலாம். டிவியில் அது தெரியாது, கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். ஒரு தடவை வேலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்து எதிர்முனையில் இருக்கும்போது உங்கள் அணியின் பின்வரிசையை மட்டும் பாருங்கள். முப்பதை நெருங்குகிற ஒரு ஆள் வாய் ஓயாமல் கத்திக்கொண்டு இருப்பார். கையை நீட்டி ஒருவனை நாலு அடி இடதுபக்கம் தள்ளுவார், இன்னொருவனை மேலே போகச் சொல்வார், தன் ஆளை விட்டுவிட்டு அடுத்தவன் ஆளைப் பிடிப்பார். இந்த ஆட்டத்தில் ஆஃப்சைடு கிடையாது, முட்டை வடிவ மைதானத்தில் 18 பேர், ஆபத்து எந்தப் பக்கமிருந்தும் வரும். பையனுக்குக் கால் இருக்கிறது, கை இருக்கிறது, எங்கே நிற்பது என்பது மட்டும் தெரியாது. கோச் ஓய்வு நேரத்தில் பலகையில் வரைந்து காட்டுவதற்கும், பந்து வருவதற்கு ரெண்டு விநாடி முன்னால் பக்கத்தில் ஒருவர் "பின்னால வாடா" என்று கத்துவதற்கும் நிறைய வித்தியாசம். எல்லாரும் பையன்கள் என்றால் கத்த ஆள் இல்லை. முன் ஏர் போகாத வயலில் பின் ஏர் எங்கே போவது?

தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொள்வார்கள் என்கிறீர்களே, அதிலும் எனக்கு நம்பிக்கை குறைவு. 80 புள்ளி வித்தியாசத்தில் தோற்கிற மேட்சின் கடைசிக் கால்பகுதியில் ஒரு பையன் கற்றுக்கொள்வது பெரும்பாலும் ஓடாமல் இருப்பது எப்படி என்பதைத்தான்.

கே: அப்படியானால் மூத்தவர்களை விலைக்கு வாங்கிப் பக்கத்தில் நிறுத்திவிட்டால் போதுமா? ஜி.டபிள்யூ.எஸ். அப்படித்தானே செய்தது, அப்புறமும் அடிவாங்கியதே?
(ஒரு வாசகி, டூங்காபி)

ப: நல்ல இடத்தில் கொக்கி போட்டிருக்கிறீர்கள். 2012இல் ஜி.டபிள்யூ.எஸ். ஜயன்ட்ஸ் தொடங்கியபோது லூக் பவர், சாட் கார்ன்ஸ், ஜேம்ஸ் மெக்டொனால்ட், டீன் ப்ரோகன் என்று ஆட்ட வாழ்க்கையின் ஓரத்தில் நின்றவர்களைக் கூட்டிவந்தார்கள். மீதி எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி. முதல் வருஷம் இரண்டு வெற்றி, அடுத்த வருஷம் ஒன்றே ஒன்று. பார்க்கவே பரிதாபம். ஆனால் அந்தக் கூட்டத்திலிருந்துதான் டோபி கிரீன், ஜெரமி கேமரன், ஸ்டீவன் கொனிலியோ எல்லாம் வந்தார்கள், 2019இல் இறுதிப் போட்டியான கிராண்ட் ஃபைனல் வரைக்கும் போனார்கள். (அங்கே ரிச்மண்டிடம் 89 புள்ளியில் தோற்றது வேறு கதை.)

கோல்ட் கோஸ்ட் சன்ஸ் அதற்கு ஒரு வருஷம் முன்னால் ஆரம்பித்தது. அவர்களிடம் கேரி ஆப்லெட் இருந்தார், அந்தக் காலத்தின் ஆகச்சிறந்த ஆட்டக்காரர் என்று பலர் சொல்வார்கள், நானும் சொல்வேன். பையன்களுக்கும் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. என்ன ஆயிற்று? டியன் ப்ரெஸ்டியாவும் டாம் லின்ச்சும் ரிச்மண்டுக்குப் போய்க் கோப்பை வாங்கினார்கள், ஸ்டீவன் மே மெல்போர்னுக்குப் போய் வாங்கினார். பையன்களை வளர்த்து அடுத்த வீட்டுக்கு அனுப்புகிற விடுதியாக இருந்தது அந்தக் கிளப். லேடரின் மேல் அணிகள் மட்டும் ஆடுகிற ஃபைனல்ஸை முதல் தடவை பார்க்க 2025 வரை ஆனது, அதாவது 15ஆவது சீசன்.

எனக்குப் பிடித்த உதாரணம் பிரிஸ்பேன். 2017இல் கடைசி இடம். கோச் கிரிஸ் ஃபேகனுக்கு அது முதல் வருஷம். கையில் ஹியூ மெக்ளகேஜ், ஹாரிஸ் ஆன்ட்ரூஸ் மாதிரி நல்ல பையன்கள். ஹாதோர்னில் நாலு கோப்பை வாங்கிவிட்டு ஓய்வு என்று அறிவித்திருந்த லூக் ஹாட்ஜைப் பிடித்து, வா, எங்களோடு ஆடு என்று கூட்டிப்போனார்கள். முப்பத்துமூன்று வயசுக்காரர், வேகம் போய்விட்டது, அதைப்பற்றி யாரும் கவலைப்படவில்லை. பின்வரிசையில் நின்று கத்துவதற்கு அவர் வேண்டும். 2018இல் வெறும் ஐந்து வெற்றி. எங்கள் ஆட்களாக இருந்தால் அதற்குள் "கிழவனை ஏன் வைத்திருக்கிறீர்கள், பையனுக்கு இடம் கொடுங்கள்" என்று எழுதித் தள்ளியிருப்போம். 2019இல் 16 வெற்றி, லேடரில் இரண்டாம் இடம். 2024, 2025 இரண்டு வருஷமும் கோப்பை அவர்களுக்கே. ஹாட்ஜ் ஒருவரால்தான் இதெல்லாம் நடந்தது என்று சொன்னால் அது அதிகப்படி, ஆட்களைத் தேர்ந்தெடுத்ததிலும் அவர்கள் கெட்டி. ஆனால் ஒரு பையனின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு கிழவர் அஞ்சாறு பையன்களின் ஆட்டத்தைத் தூக்கிவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கே: நான் இந்த நாட்டுக்குப் புதுசு. கடைசியாக வருகிற அணிக்கு டிராஃப்டில் முதல் ஆளாம். தோற்றால் பரிசா? அப்புறம் எவன் ஜெயிப்பான்?
(ஒரு வாசகர், டாண்டினாங்)

ப: புதுசு என்கிறீர்கள், ஆனால் ஏ.எஃப்.எல். நிர்வாகத்துக்கே தலைவலி கொடுத்த கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள்.

தேசிய டிராஃப்ட் 1986இல் வந்தது. அந்த வருஷத்துக்குள் 18 முடிக்கிற பையன்கள் தகுதி பெறுவார்கள், லேடரின் தலைகீழ் வரிசையில் கிளப்புகள் பெயர் சொல்லி எடுக்கும். பணக்கார அணியே எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்பதுதான் நோக்கம், சம்பள உச்சவரம்பும் அதற்காகத்தான். நியாயமான ஏற்பாடு. ஒரு காலத்தில் இதன் மேல் இன்னொரு சர்க்கரையும் தூவி வைத்திருந்தார்கள். தொடர்ந்து இரண்டு சீசன் ஐந்து வெற்றிக்குக் கீழே முடித்தால், முதல் சுற்று தொடங்குமுன்பே ஒரு கூடுதல் பிக்.

இப்போது 2009ஆம் வருஷத்து மெல்போர்ன் அணியைப் பாருங்கள். முந்தைய வருஷமும் கடைசி. ஐந்தாவது வெற்றி வந்தால் அந்தப் பெரிய பரிசு போய்விடும். ரிச்மண்டோடு மெல்போர்னின் பெரிய மைதானமான எம்.சி.ஜி.யில் ஒரு மேட்ச், ஆட்டம் முடிகிற சங்கு ஊதும்போது மெல்போர்ன் முன்னிலையில் இருக்கிறது, ஆனால் பந்து ரிச்மண்டின் ஜோர்டன் மெக்மஹன் கையில். அவர் சங்குக்குப் பிறகு அடித்த உதை கோலுக்குள் போனது, ரிச்மண்ட் நாலு புள்ளியில் வென்றது. அரங்கில் இருந்த மெல்போர்ன் ரசிகர்களில் சிலருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அந்த சீசனில் அந்த அணி ஆட்களை எங்கே நிறுத்தியது, யாரை எப்போது மாற்றியது என்றெல்லாம் பிறகு விசாரணை வந்தது. வேண்டுமென்றே தோற்றதாக நிரூபணம் இல்லை என்றார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு 2013இல் கிளப்புக்கு 5 லட்சம் டாலர் அபராதமும் போட்டார்கள்! அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். தானாகக் கிடைக்கிற அந்தக் கூடுதல் பிக் அதற்குள் ஒழிந்துவிட்டது. இப்போது உதவி வேண்டுமென்றால் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், அவர்கள் பார்த்துக் கொடுத்தால் உண்டு.

ஆனால் என்னைப் பொறுத்தவரை அபராதத்தை விடப் பெரிய தண்டனை மைதானத்தில் கிடைத்தது. அந்தப் பரிசில் வந்தவர்கள் டாம் ஸ்கல்லி 1ஆவது பிக், ஜாக் ட்ரென்கோவ் 2ஆவது பிக். ஒரே டிராஃப்டில் நாட்டின் முதல் இரண்டு பையன்களும் நம் வீட்டில்! இரண்டே வருஷத்தில் ஸ்கல்லி ஜி.டபிள்யூ.எஸ்.ஸுக்குப் போய்விட்டார். ட்ரென்கோவை 2012இல் 20 வயசில் இணைத் தலைவராக்கினார்கள். இந்தப் போட்டியின் வரலாற்றிலேயே அவ்வளவு சின்ன வயசில் யாரும் தலைவரானதில்லை. தலைவர் ஆக்க வேறு ஆள் இல்லாததால் ஒரு பையனைத் தலைவராக்குவதற்குப் பெயர் வாய்ப்பு இல்லை, தலையில் கட்டுவது. அதற்கு முந்தைய வருஷம்தான் ஜீலாங்கில் 186 புள்ளி வித்தியாசத்தில் தோற்று, கையோடு கோச் டீன் பெய்லியும் வேலையை இழந்திருந்தார். 2013இல் வெற்றி இரண்டு. 2014இல் பால் ரூஸ் வந்து, முதலில் நாம் கோல் வாங்காமல் இருக்கக் கற்றுக்கொள்வோம் என்று அடியிலிருந்து தொடங்கினார். 2021இல் கோப்பை வந்தபோது, 57 வருஷத்துக்குப் பிறகு, அந்த இரண்டு பையன்களும் அந்த அணியில் இல்லை.

கே: அண்ணா, என் மகனுக்கு 15 வயசு. உள்ளூர் கிளப்பில் ஆடுகிறான், கோச் டேலன்ட் லீக் (18 வயசுக்குட்பட்ட திறமைசாலிகளின் லீக்) சோதனைக்கு அனுப்பலாம் என்கிறார். அவனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. எனக்குத்தான் பயம். 18 வயசுப் பிள்ளையை 28 வயசு ஆம்பிளைகளோடு மோத விடுவது கொடுமை இல்லையா?
(ஒரு தாய், டார்னீட்)

ப: பயம் நியாயம்தான் அம்மா. இளங்கன்று பயமறியாது, அதனால் பயப்படுகிற வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

ஜாக் வாட்ஸ் என்று ஒரு பையன், 2008 டிராஃப்டில் முதல் பிக். மறுபடியும் அதே மெல்போர்ன் கிளப்தான், என்ன செய்வது, தப்பான உதாரணத்துக்கு அவர்களை விட்டால் ஆளில்லை. 2009 ஜூனில் மகாராணி பிறந்தநாள் மேட்ச், எம்.சி.ஜி., எதிரே கொலிங்வுட். பையன் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவன் முதல் முறை பந்தைக் கையில் எடுத்ததும் கொலிங்வுட் ஆட்கள் கும்பலாக வந்து தரையோடு அமுக்கினார்கள். சட்டத்துக்கு உட்பட்டதுதான், வரவேற்பு கொடுத்தார்கள். அணியோ கடைசி இடம், கூட்டத்துக்கு ஒரு நம்பிக்கை காட்ட வேண்டும், அதற்கு அந்த ஒல்லிப் பையனைப் படம் போட்ட மாதிரி இறக்கினார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். வாட்ஸ் மோசமான ஆட்டக்காரர் இல்லை, 2017 வரை அங்கே ஆடினார், அழகாக உதைப்பார். ஆனால் முதல் பிக் என்ற சுமை கடைசி வரை அவர் தோளிலிருந்து இறங்கவே இல்லை, வாரா வாரம் யாராவது ஒருவர் அதைச் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

இன்றைக்கு நிலைமை பரவாயில்லை. உடம்பு முற்றாத பையனை நேராக நடுக்களத்தில் தள்ளாமல், ஹாஃப்-பேக்கிலோ முன்வரிசை ஓரத்திலோ வைப்பார்கள். ஷீசலை ஹாஃப்-பேக்கில் வைத்ததற்கும் அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அங்கே பந்து உங்கள் முகத்துக்கு நேரே வரும், முதுகில் இடி வாங்குவது குறைவு, பார்த்து உதைக்க அரை விநாடி கூடுதலாகக் கிடைக்கும். நடுக்களத்தில் ஒரு மேட்சுக்கு 12, 13 கிலோமீட்டர் ஓட வேண்டும், மேட்சுக்கு 75 தடவைதான் ஆள் மாற்றலாம், களைத்துப்போனவனை நினைத்த நேரத்தில் வெளியே எடுக்க முடியாது. அதனால் முதல் வருஷப் பையனை மூன்று, நாலு மேட்ச் ஆடவிட்டு ஒரு வாரம் ஓய்வு கொடுப்பார்கள். டிவியில் "நீக்கம்" என்று போட்டுப் பயமுறுத்துவான், பாதி நேரம் அது ஓய்வுதான்.

உயரமான பிள்ளை என்றால் இன்னும் பொறுமை வேண்டும். மேக்ஸ் கான் இன்றைக்கு ரக்மேன் (நடுவர் மேலே எறிகிற பந்தைக் குதித்துத் தட்டுகிற உயரமான ஆள்) என்றால் இவர்தான் என்று கைகாட்டுகிற ஆள். 2009 டிராஃப்டில் 34ஆவது பிக், முழங்கால் தசைநார் இரண்டு தடவை அறுந்து உட்கார்ந்தவர். 2015, 2016இல்தான் நிலையாகக் காலூன்றினார். 18 வயசில் "வாய்ப்புக் கொடு, வாய்ப்புக் கொடு" என்று அவரை வாரா வாரம் இறக்கியிருந்தால் அந்த முழங்கால் என்ன ஆகியிருக்குமோ.

தலையில் அடி என்பதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூளை அதிர்ச்சி என்று டாக்டர் சொன்னால் ஏ.எஃப்.எல். வீரருக்கே குறைந்தது 12 நாள் ஆட்டம் கிடையாது. உள்ளூர் கிளப்புகளுக்கு அது குறைந்தது 21 நாள். ஃபைனல்ஸ் இருக்கிறது, பையன் நன்றாகத்தான் இருக்கிறான் என்று யாராவது இளித்துக்கொண்டு வந்தால் நீங்கள் முடியாது என்று சொல்லுங்கள், அந்த இடத்தில் மரியாதை பார்க்காதீர்கள். சோதனைக்கு அனுப்பலாமா என்றால், தாராளமாக அனுப்புங்கள். பெரும்பாலான பையன்களுக்கு அது அங்கேயே முடிந்துவிடும், நல்ல உடம்பும் நாலு நண்பர்களும் மிஞ்சும். படிப்பை மட்டும் விட்டுவிடச் சொல்லாதீர்கள்.

கே: வாய்ப்புக் கொடுத்தால் மட்டும் என்ன? ஜேசன் ஹார்ன்-ஃபிரான்சிஸ் ஒரே வருஷத்தில் ஓடிவிட்டானே. நன்றி கெட்டவன்.
(பெயர் வேண்டாம் என்ற இன்னொரு நார்த் ரசிகர்)

ப: கோபம் ஆறவில்லை போல. 2021இன் முதல் பிக், 2022இல் நார்த்துக்கு ஆடினான், அணி இரண்டே மேட்ச் ஜெயித்தது, நடுவில் கோச் டேவிட் நோபிளும் போனார். தெற்கு ஆஸ்திரேலியாக்காரப் பையன், சொந்த ஊருக்கே போர்ட் அடிலெய்டுக்குப் போய்விட்டான். டிராஃப்டில் பையன் கிளப்பைத் தேர்ந்தெடுப்பதில்லை, கிளப்தான் பையனைத் தேர்ந்தெடுக்கிறது. தோற்கிற அணி, வீடு ஒரு விமானப் பயணத் தூரம், வயசு பத்தொன்பது. நான் அவனைத் திட்டமாட்டேன். அப்புறம், அந்தக் கைமாற்றத்தில் கிடைத்த பிக்குகளில்தான் ஷீசலும் ஜார்ஜ் வார்ட்லாவும் உங்களுக்கு வந்தார்கள். அழுகையை நிறுத்துங்கள்.

கே: ரிச்மண்ட் எல்லாரையும் விற்றுவிட்டுக் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறதே, உருப்படுமா?
(ஒரு வாசகர், பாயின்ட் குக்)

ப: உருப்பட வாய்ப்பிருக்கிறது. 2017, 2019, 2020 என்று மூன்று கோப்பை வாங்கிய கூட்டம் கலைந்தது, டஸ்டின் மார்ட்டின் ஓய்வு, ஷாய் போல்டன், லியம் பேக்கர், டேனியல் ரியோலி வேறு கிளப்புகளுக்கு. 2024இல் இரண்டு வெற்றியோடு கடைசி இடம். அந்த டிராஃப்டில் முதல் 30 பேருக்குள் மட்டும் ஏழு பையன்களை எடுத்தார்கள், சாம் லேலர் முதல் பிக். 2025 முதல் மேட்சில், எல்லாரும் இவர்கள் ஒரு வெற்றிகூடப் பார்க்கமாட்டார்கள் என்று எழுதிக்கொண்டிருந்தபோது, 40 புள்ளிக்கு மேல் பின்தங்கிக் கிடந்து கார்ல்டனை 13 புள்ளியில் வீழ்த்தினார்கள். கார்ல்டன் ரசிகர்களின் முகம் பார்க்க வேண்டுமே!

அந்த ஒரு இரவை வைத்து நான் சொல்லவில்லை. அந்த சீசன் ஐந்து வெற்றியோடு 17ஆம் இடத்தில்தான் முடிந்தது, லேலர் காயத்தில் பல மேட்சுகளைத் தவறவிட்டார். எனக்குப் பிடித்தது வேறு. டோபி நான்கெர்விஸ், நிக் விளாஸ்டுயின் மாதிரி மூன்று கோப்பையும் பார்த்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டார்கள். நார்த் 2020இல் செய்ததற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

கே: ஜீலாங் கடைசிக்கு வருவதே இல்லை. அவர்களுக்குப் பையன்கள் எங்கிருந்து கிடைக்கிறார்கள்?
(ஒரு வாசகி, வெரிபீ)

ப: 2022இல் கோப்பை வாங்கிய ஜீலாங், கிராண்ட் ஃபைனல் ஆடிய அணிகளிலேயே வயசானது. ஆனால் அந்தக் கிழவர்கள் நடுவே, பின்வரிசையில், 21 வயசு சாம் டி கோனிங் வருஷம் முழுக்க நின்றார். டிராஃப்டில் 19ஆவது பிக். சுற்றிலும் 200 மேட்ச், 300 மேட்ச் ஆடியவர்கள் என்றால் பையனுக்கு ஒரே வேலைதான், தன் ஆளைப் பார்த்துக்கொள்வது. ஒன்றிரண்டு பேராக நுழைப்பார்கள், ஏழெட்டுப் பேராக அல்ல. பொறாமையாகத்தான் இருக்கிறது.

கே: எல்லாம் 18, 19 என்கிறீர்கள். 25 தாண்டியவன் வாய்ப்பு கேட்டால் கிழவனா?
(உள்ளூர் லீக் ஆடும் ஒரு வாசகர், மெல்டன்)

ப: மார்லியன் பிக்கெட்டைக் கேளுங்கள். ஒவ்வொரு டிராஃப்டிலும் கைவிடப்பட்டவர், சின்ன வயசில் சிறைக்கும் போய் வந்தவர். 2019இல் சீசன் நடுவே நடந்த டிராஃப்டில் ரிச்மண்ட் எடுத்தது. அவருடைய முதல் ஏ.எஃப்.எல். மேட்ச் எது தெரியுமா? அந்த வருஷக் கிராண்ட் ஃபைனல். வயசு 27. அப்படிக் கிராண்ட் ஃபைனலில் அறிமுகமான முந்தைய ஆளைத் தேட 1952க்குப் போக வேண்டும். கோலும் அடித்தார், கோப்பையும் வாங்கினார். தோற்கிற அணிகள் 18 வயசுக்காரனையே தேடி அலைகிற நேரத்தில் வி.எஃப்.எல்., டபிள்யூ.ஏ.எஃப்.எல். மாதிரி மாநில லீக்குகளில் உடம்பு முற்றிய 24 வயசுக்காரர்கள் சும்மா இருக்கிறார்கள். நார்த்தின் ஓட்டையை அடைக்க அவர்களில் இரண்டு பேர் போதும் என்று நினைக்கிறேன், ஆனால் அப்படி ஒருவரை எடுத்தால் ரசிகர்கள் கைதட்டமாட்டார்கள், அதுவும் கிளப்புக்குத் தெரியும்.

கே: என் பெண்ணுக்குப் பத்து வயசு, மேட்ச் பார்க்க ஆசைப்படுகிறாள். மார்வெல் ஸ்டேடியத்தில் நார்த் தோற்பதைக் காட்டிப் பிள்ளை மனசை உடைக்க வேண்டுமா?
(ஒரு தந்தை, ஃபிளெமிங்டன்)

ப: முதலில் ஆர்டன் ஸ்ட்ரீட்டுக்குக் கூட்டிப்போங்கள், உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். நார்த்தின் வி.எஃப்.எல். அணி அங்கே ஆடும்போது வேலியில் கை வைத்துக்கொண்டு நிற்கலாம், வீரர்கள் கத்துவது காதில் விழும். போன வாரம் பெரிய அணியிலிருந்து இறக்கப்பட்ட ஒரு பையனாவது அங்கே ஆடிக்கொண்டிருப்பான். அவன் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த தடவை அவன் மார்வெலில் இறங்கும்போது உங்கள் பெண் ஸ்கோரையே பார்க்கமாட்டாள். குளிர் தாங்கும் கோட்டு எடுத்துப் போங்கள், அங்கே காற்று மோசம்.